வீட்டில் அறிவியல்: பெற்றோர் அவசரப்பட்டுக் கெடுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு வரை சூழ்நிலையியல்தான். மரம், மழை, உணவு, அக்கம்பக்கம் என்று கதைபோலப் போகும். மூன்றாம் வகுப்பில் 'அறிவியல்' என்று தனிப் புத்தகம் வந்ததும் வீட்டில் காற்று மாறிவிடுகிறது. பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளுக்கு விடை எழுதி வாங்கி, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒப்பிக்கச் சொல்கிறோம். திருக்குறளை மனப்பாடம் செய்தால் பிற்பாடு அர்த்தம் புரியும், அதில் லாபம் உண்டு. 'காந்தம் இரும்பை ஈர்க்கும்' என்பதைக் காந்தத்தைத் தொடாமலே பத்து முறை சொன்னால் ஒரு லாபமும் இல்லை.

எட்டு வயதுப் பிள்ளைக்கு அறிவியல் என்பது பார்ப்பது, யூகிப்பது, செய்து பார்ப்பது. இந்த மூன்றுக்கும் நேரம் வேண்டும். வீட்டில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அந்த நேரத்தைக் கொடுக்காததில்தான் வந்து நிற்கின்றன.

கேட்டவுடன் பதில் சொல்லிவிடுவது

மார்கழியில் ஒரு நாள் தயிர் உறையவில்லை. "ஏம்மா உறையல?" என்று பிள்ளை கேட்கிறது. "குளிருக்கு உறையாது, போ" என்கிறோம். பதில் சரிதான். ஆனால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துபோகிறது.

அதே இடத்தில் "உனக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பால் கெட்டுப்போச்சு, மோர் கம்மியா ஊத்திட்டே, பாத்திரத்தை யாரோ ஆட்டிட்டாங்க என்று நாலு காரணம் வரும். எதையும் தப்பு என்று சொல்ல வேண்டாம். ஒரே மாதிரி மூன்று டம்ளர், ஒரே பால், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் உறைமோர். முதல் டம்ளரில் பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும், அதை அடுப்பு மேடையில் வையுங்கள். இரண்டாவதிலும் அதே சூடு, ஆனால் அது ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். மூன்றாவதில் பால் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே மோரை விட்டு, முதல் டம்ளருக்குப் பக்கத்தில் வையுங்கள். படுக்கப் போகும் முன் எது உறையும், எது உறையாது என்று பிள்ளை ஒரு தாளில் எழுதட்டும். காலையில் மூடியைத் திறக்கும் வேலையும் பிள்ளைக்கே.

முதல் டம்ளர் உறைந்திருக்கும். ஃபிரிட்ஜில் இருந்தது பாலாகவே இருக்கும். கொதிக்கும் பாலில் விட்டதும் சரியாக உறைந்திருக்காது. அதற்கு அப்புறம் பாக்டீரியாவைப் பற்றிப் பேசலாம்: மோரில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் பாலைத் தயிராக்குகின்றன, குளிரில் அவை மந்தமாகிவிடும், கொதிக்கும் சூட்டில் செத்துப்போகும். இந்த வரிசை முக்கியம். பாக்டீரியா என்ற சொல் முதலில் வந்துவிட்டால் டம்ளருக்கு வேலையில்லாமல் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றினோம். மோரின் அளவையும் கூடவே மாற்றியிருந்தால் எதனால் உறையவில்லை என்று சொல்ல முடியாது. தொடக்கப் பள்ளி முடிவதற்குள் இந்த ஒரு பழக்கம் படிந்துவிட்டால் போதும் என்பேன்.

செய்முறை சரி, விளக்கம் தப்பு

தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். பள்ளிக் கண்காட்சியிலும் வீடியோவிலும் இதற்குச் சொல்லப்படும் காரணம் இது: ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அந்தக் காலி இடத்துக்குத் தண்ணீர் வந்தது. காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதால், தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது என்று கணக்கு வேறு சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தப்பு.

பொறுமையாகப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால், சுடர் எரிய எரியத் தண்ணீர் சீராக ஏற வேண்டும். அப்படி நடப்பதில்லை. சுடர் மங்கி அணையும் நேரத்தில்தான் தண்ணீர் சட்டென்று உள்ளே பாய்கிறது. சுடர் இருக்கும்வரை அதன் சூட்டில் டம்ளருக்குள் இருக்கும் காற்று விரிகிறது. அதில் கொஞ்சம் விளிம்பு வழியாகக் குமிழியாக வெளியேறுவதைக்கூடச் சில சமயம் பார்க்கலாம். அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனின் இடத்தில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வந்து உட்கார்ந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் அதே டம்ளருக்குள் ஒரே உயரத்தில் மூன்று சின்ன மெழுகுவத்திகளை ஏற்றி வைத்துச் செய்து பாருங்கள். டம்ளரும் அதே, அதிலுள்ள ஆக்சிஜனும் அதே. ஆனால் தண்ணீர் முன்பைவிட மேலே ஏறும், ஏனென்றால் சூடு அதிகம். தீக்குச்சி மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

இதற்காக எல்லாப் பெற்றோரும் இயற்பியல் படித்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லவில்லை. "ஏன்னு எனக்கும் உறுதியாத் தெரியல, இன்னொரு தடவை செஞ்சு பார்ப்போம்" என்று சொன்னால் பிள்ளை முன் கௌரவம் ஒன்றும் குறையாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும்போதுதான் சிக்கல், அது பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

நாம் பிடித்து வைத்திருக்கும் பழைய தப்புகள்

கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் வெயில் அதிகம் என்று நம்பும் பெரியவர்கள் ஏராளம். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு கிடக்கும்போது. அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் சுமார் 15.2 கோடி. பருவங்கள் மாறுவது பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால்.

அடுத்தது, நண்பகல் 12 மணிக்கு நிழலே இருக்காது என்பது. மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு, அரை மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிழல் குட்டையாகும், ஆனால் வருடத்தின் பெரும்பாலான நாட்களில் மறையாது. நம் ஊர்களில் வருடத்துக்கு இரண்டே நாள்தான் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில், அப்புறம் சென்னையில் ஆகஸ்டிலும் கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கத்திலும் இன்னொரு முறை. அதுவும் 12 மணி தாண்டிச் சில நிமிடங்கள் கழித்து.

நிலா தேய்வதற்குப் பூமியின் நிழல்தான் காரணம் என்பதும் இதே ரகம். பூமியின் நிழல் நிலாவில் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும். அமாவாசைக்கு அடுத்த நாளிலிருந்து தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நிலாவை வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுவதையும், சில நாட்களில் பட்டப்பகலிலேயே வானத்தில் நிற்பதையும் பிள்ளையே கண்டுபிடிக்கும். பிறகு இருட்டறையில் ஒரு டார்ச்சும் பந்தும் போதும்.

விதை முளைக்க வெயில் வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர்களுக்கு முளைப்பாரி ஒன்றே பதில். அம்மன் திருவிழாவுக்குப் பயறுகளை இருட்டறையில்தானே வளர்க்கிறோம்? அவை முளைப்பது மட்டுமல்ல, வெளிர் மஞ்சளாக, கிடுகிடுவென்று உயரமாகவும் வளர்கின்றன. முளைப்பதற்குத் தண்ணீரும் காற்றும் அளவான சூடும் போதும், சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் உண்டாகத்தான் வெளிச்சம் வேண்டும். இரண்டு கொட்டாங்கச்சியில் பாசிப்பயறு போட்டு, ஒன்றை ஜன்னலோரம், ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். "இருட்டுல இருக்கறதுதான் உயரமா இருக்கு, அப்போ அதுதானே நல்லா வளருது?" என்று பிள்ளை கேட்கும். அருமையான கேள்வி. உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், இன்னும் ஒரு வாரம் போகட்டும்.

தெர்மாகோல் எரிமலை

பிராஜெக்ட் என்றாலே ஸ்டேஷனரி கடை, தெர்மாகோல், ராத்திரி பதினொரு மணிவரை அப்பாவின் கைவேலை. பிள்ளை பக்கத்தில் தூங்கிவிழுந்துகொண்டிருக்கும். ஆசிரியருக்கும் தெரியும், இது யார் செய்தது என்று. ஆப்ப சோடாவும் வினிகரும் பொங்குவதற்கும் எரிமலைக்கும் உருவத்தைத் தவிரப் பெரிய ஒற்றுமை கிடையாது. அதே ஆப்ப சோடாவைப் பலூனுக்குள் போட்டு, பாட்டிலில் எலுமிச்சைச் சாறு ஊற்றி, பலூனை வாயில் மாட்டித் தூக்கினால் பலூன் ஊதிக்கொள்ளும். வாயு உண்டானதைக் கண்ணால் பார்த்தாயிற்று. அழகாக இருக்காது, ஆனால் முழுக்கப் பிள்ளை செய்தது.

மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டதும் சிவப்பாகிறதே, அது ஒரு பிராஜெக்ட். சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வரும் நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். சோப்புத் தண்ணீர், தயிர்த் தெளிவு, புளிக்கரைசல், ஆப்ப சோடாக் கரைசல் என்று ஒவ்வொன்றையும் விட்டு ஒரு அட்டவணை போடலாம். காசு கொடுத்து வாங்கும் சயின்ஸ் கிட்டுகளைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் தாளில் சுற்றி ஆற்று மணலிலோ கடற்கரை மணலிலோ இழுத்தால் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கும் முகம் எந்தக் கிட்டிலும் கிடைக்காது. குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தே 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர் அரவிந்த் குப்தா. தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப், பழைய செருப்பு இவைதான் அவர் சரக்கு.

செய்தது சரியாக வராவிட்டால் நாமே திருத்திவைப்பதும் இந்த வகையில் சேரும். முளைக்காத விதையைப் பிள்ளை தூங்கியபின் எடுத்துவிட்டு முளைத்ததை வைப்பவர்கள் இருக்கிறார்கள். முளைக்கவில்லை என்றால் 'முளைக்கவில்லை' என்று எழுதட்டும். தண்ணீர் அதிகமாகி அழுகியதா, விதை பழையதா என்று தேடத் தொடங்கினால் முளைத்த விதையைவிட அது அதிகம் கற்றுக்கொடுக்கும்.

வாய் தவறி வரும் சொற்கள்

"எனக்கே சயின்ஸ் வராது, இவளுக்கு எங்க வரப்போகுது" என்று விளையாட்டாகச் சொல்வதைப் பிள்ளை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஃபேனைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அக்காவைக் காபி போட அனுப்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இரண்டையும் நிறுத்த ஒரு பைசா செலவில்லை.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையிடம் வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பாடம் பேச வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். தண்ணீர் எப்படி ஆவியானது என்று தமிழில் தகராறு பண்ணத் தெரிந்த பிள்ளை, பரீட்சையில் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும்.

பயமுறுத்துவதும் அசட்டையாக இருப்பதும்

"தொடாதே, உடைஞ்சிடும்" என்று எல்லாவற்றுக்கும் சொல்கிற வீட்டில், உண்மையான ஆபத்துக்குச் சொல்லும் "தொடாதே"வுக்கு மதிப்பிருக்காது. அதனால் கறாராக இருக்க வேண்டிய இடங்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். மின்சுற்று செய்ய டார்ச் பேட்டரியும் சின்ன பல்பும் மட்டும், சுவர் பிளக் பக்கமே போகக் கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பு மஞ்சளைச் சிவப்பாக்கும் என்று காட்ட ஆசை வரும், ஆனால் அது கண்ணில் தெறித்தால் பார்வையையே பாதிக்கும். சோப்பே போதும். சூரிய கிரகணத்தை எக்ஸ்ரே படம் வழியாகவோ மஞ்சள் தண்ணீரில் விழும் பிம்பமாகவோ பார்க்க வைக்காதீர்கள். அட்டையில் ஊசித்துளை போட்டு வெள்ளைத் தாளில் விழும் பிம்பத்தைப் பார்ப்பதே நல்லது.

பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் செல்லைக் கழற்றி விளையாடக் கொடுக்கவே கூடாது. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். தம்பி தங்கை யாராவது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், நேராக மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.