தாய்லாந்துச் சூப்பும் மாமியின் விரதமும்

போன சனிக்கிழமை மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டுக் குசினியில் நாலு பிள்ளைகள் சேர்ந்து தொம்யம் என்கிற தாய்லாந்துச் சூப் வைத்தார்கள். மரக்கறித் தொம்யம். நான் மூலையில் கதிரை போட்டு, வாய் திறப்பதில்லை என்ற தீர்மானத்தோடு இருந்தேன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் முதல் வருடம் நான் ஆடிய கூத்தெல்லாவற்றையும் அவர்கள் அரை மணித்தியாலத்தில் ஆடி முடித்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உப்புக் கூடிப்போவது, காளான் அடிப்பிடிப்பது, கொச்சிக்காய் வெட்டிய கையால் கண்ணைத் தொடுவது, இதையெல்லாம் எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அதுவே பாடம்.

பெயரை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கதைக்கு அது தேவை. தாய்லாந்து மொழியில் 'தொம்' என்றால் கொதிக்கவைப்பது. 'யம்' என்றால் புளிப்பும் உறைப்புமாகப் பிசறுவது. உலகம் அறிந்தது 'தொம்யம் குங்'. குங் என்றால் இறால். 2024இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் அந்தக் குங் உள்ளதைத்தான். இறால் என்பது இந்தச் சூப்பில் மேலே மிதக்கிற துண்டு மட்டுமல்ல, அடியிலிருந்தே ஊறி வருகிறது. துண்டை எடுத்துவிட்டால் மரக்கறியாகிவிடும் என்று நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

போத்தலை நம்புவது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

தொம்யம் பேஸ்ட் என்று ஒரு சிவப்புக் களி போத்தலில் வருகிறது. இரண்டு கரண்டி அள்ளிக் கொதிதண்ணீரில் கரைத்தால் சூப். ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதை ஒரு மந்திரம் மாதிரி நினைத்திருந்தேன். அதன் உயிர், தாய்லாந்தில் 'நாம் பிரிக் பாவ்' என்று சொல்கிற கொச்சிக்காய்த் தொக்கு. சுட்ட செத்தல் கொச்சிக்காய், சுட்ட வெங்காயம், சுட்ட உள்ளி, புளி, சர்க்கரை. கூடவே இடித்த கூனி, அதாவது பொடி இறால். ஓம், நம் சந்தையில் கொத்துக் கொத்தாக அள்ளி விற்கிற அதே காய்ந்த கூனி. அதற்கு மேல் மீன் சோஸும் சேரும். நம்மிடமும் பருப்புக் கறிக்குள் மாசித்தூள் தூவாவிட்டால் கை அரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்தானே? அங்கே மாசிக்குப் பதில் கூனி, அவ்வளவுதான்.

இது தெரியாமல் நான் என்ன செய்தேன்? ஒரு வைகாசி மாதம். மாமியின் ஊரில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடந்துகொண்டிருந்தது. சடங்கை முடித்துவைக்கிற குளிர்த்தி வரை அந்த வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. மருமகன் ஹோட்டல் சமையல்காரன் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? கொழும்பில் ஒரு பெரிய கடையில் வாங்கிய போத்தலோடு போய் இறங்கினேன். லேபலில் காளான் படம், எலுமிச்சைப்புல் படம். இறாலின் மீசைகூட இல்லை. பன்னிரண்டு பேருக்கு வைத்தேன். மாமி இரண்டு கோப்பை குடித்தா. "இதென்ன தாய் சூப்? ஆற்ற தாய் வெச்ச சூப்?" என்று பகிடியும் விட்டா.

சாப்பிட்டு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம் மச்சானின் மகள், எட்டு வயது, வெற்றுப் போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். இங்கிலீஷ் படிக்கத் தொடங்கியிருந்த நேரம், கண்ட எழுத்தையெல்லாம் சத்தமாக வாசிப்பாள். "ட்ரைட் ஷ்ரிம்ப் எண்டா என்ன மாமா?"

ஒருவரும் பேசவில்லை. மாமி எழும்பிப் போய்க் கிணற்றடியில் தலைமுழுகினா. அந்த வருடம் குளிர்த்திக்குக் கோயில் வாசலுக்குப் போகவில்லை, வீட்டு முற்றத்தில் நின்று கும்பிட்டா. என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருக்கும். இப்போதும் நான் எதைச் சமைத்து நீட்டினாலும் ஒரே கேள்விதான்: "மருமகன், இதுக்குள்ள போத்தில் ஒண்டும் விடல்லதானே?"

போத்தலில் தப்பில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளது எழுதித்தான் இருந்தது. முன்பக்கப் படத்தைப் பார்த்து வாங்கியவன் நான்.

போன சனிக்கிழமை வந்த நாலு பேரில் ஒரு பெடியனின் பையிலிருந்தும் அதேபோல ஒரு போத்தல் வந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஹலால் முத்திரை இருக்கு சேர், மச்சம் ஒண்டும் இல்ல" என்றான். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மீனும் ஹலால்தான், இறாலும் ஹலால்தான். அந்த முத்திரை சொல்வது வேறு விஷயம். இந்தியச் சாமானில் மரக்கறி என்று காட்டுகிற பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பழகியவர்கள் இதிலும் அதைத் தேடுவார்கள். அது இந்தியச் சட்டம். தாய்லாந்துப் போத்தலில் அது இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

தாய்லாந்துச் சாமானில் தேட வேண்டியது 'ஜே' என்ற அடையாளம். மஞ்சள் பின்னணியில் சிவப்பாக இரண்டு எழுத்து இருக்கும். அங்கே சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் விரதம் பிடிக்கிறார்கள். புக்கெட் தீவில் அந்த நாட்களில் அலகு குத்துவதும் உண்டு, தீ மிதிப்பதும் உண்டு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகவே தெரியாது. அந்த விரதச் சாப்பாட்டின் பெயர்தான் ஜே. மச்சம் மட்டுமல்ல, உள்ளி, வெங்காயமும் அதில் ஆகாது. ஆக, ஜே அடையாளம் போட்ட பேஸ்ட் கிடைத்தால் பயமில்லாமல் வாங்கலாம்.

இன்னொன்று. சுவையூட்டி என்று 631ஆம் இலக்கம் போட்டிருந்தால், அது மாவைப் புளிக்கவைத்தும் எடுக்கப்பட்டிருக்கலாம், மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுக்கப்பட்டிருக்கலாம். இலக்கத்தைப் பார்த்து எதுவென்று பிரிக்க முடியாது. விரதக்காரருக்கு வைக்கிறீர்களென்றால் அந்தப் போத்தலைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு வாருங்கள். சிப்பிச் சோஸும் அப்படித்தான். பெயரிலேயே சிப்பி இருக்கிறது, ஆனாலும் மரக்கறி பிரட்டலுக்குள் அதை ஊற்றுகிற ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

போத்தல் இல்லாமல் செய்வது பெரிய வேலையும் இல்லை. பத்துச் செத்தல், எட்டுச் சின்ன வெங்காயம், ஆறு பல்லு உள்ளி. மூன்றையும் வெறும் சட்டியில் அங்கங்கே கருகும்வரை தனித்தனியாக வறுத்து, உரலில் இடித்து, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் மெல்லிய நெருப்பில் வதக்குங்கள். பழப்புளிக் கரைசல் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு சின்னக் கட்டி, சோயா சோஸ் இரண்டு தேக்கரண்டி. எண்ணெய் பிரிந்ததும் இறக்குங்கள். கூனி தருகிற அந்த அடிச்சுவைக்கு, காய்ந்த காளான் இரண்டை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைச் சூப்பில் விடுங்கள். காளானை நறுக்கித் தொக்கோடு இடித்தாலும் நல்லதுதான்.

மீன் சோஸுக்குப் பதில் கறுப்புச் சோயா சோஸ்

சூப் தார் மாதிரி ஆகும். மெல்லிய நிறமுள்ளதை வாங்குங்கள், மிச்சத்தை உப்பால் சரிக்கட்டுங்கள்.

தேசிக்காய்ப் புளியை அடுப்பில் விடுவது

இது எனக்கு விளங்கவே விளங்காத தவறு. சொதி வைக்காத வீடு நம் பகுதியில் இருக்கிறதா? சொதிக்குத் தேசிக்காய் எப்போது பிழிகிறோம்? அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு. பத்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். அதே பிள்ளை பெரிதாகி, கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டு தாய்லாந்துச் சூப் வைக்கும்போது, கொதிக்கிற சட்டிக்குள் நாலு தேசிக்காயைப் பிழிகிறது. வெளிநாட்டுச் சாப்பாடு என்றதும் கை தன் பழக்கத்தை மறந்துவிடுகிறது போல.

தேசிக்காயின் வாசம் ஆவியோடு போய்விடும், வெறும் புளிப்புத்தான் மிஞ்சும். கொதிக்கக் கொதிக்கச் சாற்றில் ஒரு கசப்பும் எழும்பும். தோலை முறுக்கிப் பிழிந்து, விதையும் உள்ளே விழுந்திருந்தால் கசப்பு இன்னும் ஒரு படி மேல். பாலும் விட்ட சூப் என்றால் திரிந்து தயிர்த் தண்ணீர் மாதிரி நிற்கும். பிறகு சீனி போட்டுத் திருத்துவார்கள், உப்புப் போட்டுத் திருத்துவார்கள், கடைசியில் ஒரு சட்டி நிறையத் திருத்தம்தான் இருக்கும்.

நான் செய்வது இது: சாற்றையும் நசித்த கொச்சிக்காயையும் கோப்பையின் அடியிலேயே போட்டுவிடுவேன், ஆளுக்கு முக்கால் மேசைக்கரண்டிச் சாறு. அதன்மேல் சூடான சூப்பை ஊற்றிக் கலக்கினால் போதும். புளி காணாதவர் தனக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்.

கொச்சிக்காய்த் தூள்

போட்டால் ரசம்.

சேரையை வெட்டிப்போட்டு விட்டுவிடுவது

கறிக்கு நாம் போடுகிற சேரைதான், அதாவது எலுமிச்சைப்புல்தான், இதற்கும். வெளியே தேடி அலையத் தேவையில்லை, வேலியோரத்தில் ஒரு பற்றை நட்டால் வருடம் முழுக்கக் காணும். ஆனால் பிள்ளைகள் மேல் இலையைக் கத்தரித்துப் போடுகிறார்கள். அதில் புல் வாசம்தான் வரும். வேரை ஒட்டிய வெள்ளைப் பக்கம், ஒரு சாண் நீளம்கூட வேண்டாம், அதை அம்மிக் குழவியால் நசுங்கக் குத்திப் போட வேண்டும். நாலு பேருக்கு ஒரு லீற்றர் தண்ணீர், மூன்று தண்டு, பத்து நிமிடக் கொதி. இது மெல்லுகிற சாமான் இல்லை. வந்த விருந்தாளி அதைக் கடித்துக்கொண்டு முழிப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பரிமாற முன் எடுத்துவிடுங்கள், அல்லது ஒதுக்கச் சொல்லுங்கள்.

இலையும் அப்படித்தான். தாய்லாந்தில் போடுவது, இரண்டு இலையை நுனியில் ஒட்டவைத்தது போல இடை சிறுத்திருக்கும் ஒரு தேசி இனத்தின் இலை. சிங்களவர் குடலு தெஹி என்பது அந்த மரத்தைத்தான். அட்டைக் கடிக்குப் பூசுகிற காய், குசினியில் ஒருவரும் சீண்டுவதில்லை. கிடைத்தால் ஐந்தாறு இலை, நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டுப் போடுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டுத் தேசி மரத்தின் கொழுந்து இலை நாலு. அதே வாசம் வராது, ஆனாலும் ஒன்றும் போடாததைவிட மேல்.

மருந்துக்கடைச் சித்தரத்தை

தாய்லாந்துக்காரர் போடுவது பச்சையான பேரரத்தைக் கிழங்கு. அதன் தம்பி என்று நினைத்து மருந்துக்கடையில் காய்ந்த சித்தரத்தை வாங்கி இடித்துப் போட்டவன் நான். சாப்பிட்ட ஒருவர் சளி குறைந்திருக்கிறது என்று நன்றி சொன்னார். இஞ்சி போடுங்கள், பேரரத்தைக்குச் சொல்கிற அளவில் பாதி.

தேங்காய்ப்பால் விடுவதா, வேண்டாமா

தெளிந்த தொம்யத்துக்குப் பால் இல்லை. அங்கே கலங்கல் தொம்யம் என்று ஒன்று உண்டு, அதற்குப் பெரும்பாலும் விடுவது தகரத்தில் வருகிற, சீனி சேராத கெட்டிப் பசுப்பால். தேங்காய்ப்பாலில் வைப்பதன் பெயர் 'தொம் கா', அது வேறு சூப், உறைப்புக் குறைவு. நம் வாய்க்குத் தேங்காய்ப்பால் இல்லாமல் இறங்காது என்றால் விடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முதற்பாலை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிடாதீர்கள். தேங்காய் ஒன்று இருநூறு ரூபா போன காலத்தில் மூன்று தேங்காயின் பாலை இப்படி எண்ணெயும் தண்ணீருமாகப் பிரித்திருக்கிறேன். பின்னால் பிழிகிற கப்பிப்பாலில் எல்லாம் வேகட்டும், கடைசி இரண்டு நிமிடம் முதற்பால், ஒரு கொதி தொடங்கும்போதே இறக்கம்.

சோயாமீற்

வேண்டாம்.

சரி, காரணம் சொல்கிறேன். தண்ணீர்ச் சூப்பில் அது பஞ்சு. பைக்கற்றோடு வருகிற மசாலாவின் சுவையும் பெரும்பாலும் கோழி, இறால் என்றுதான் இருக்கும். சிப்பிக்காளான் இருநூறு கிராம் வாங்கிக் கையால் கிழித்துப் போடுங்கள், கத்தி வேண்டாம். நாலு நிமிடம் போதும். இரண்டு தக்காளியை நாலாகப் பிளந்து கூடவே போடலாம்.

பிள்ளைகளின் சட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போத்தலை நான் பறித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டதால் மச்சம் சேரவில்லை. மற்றதெல்லாம் நடந்தது. கசந்த சூப்பைச் சோற்றில் ஊற்றி, கத்தரிக்காய்ப் பொரியலோடு குழைத்துச் சாப்பிட்டோம். வருகிற சனிக்கிழமை திரும்ப வைக்கிறார்கள், மாமியும் வரப்போகிறா.