தெரபி பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்

கடலூர் பக்கம் மாற்றுத்திறன் குழந்தையை வளர்ப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ‘நிராமயா’ என்று ஒரு மருத்துவக் காப்பீடு இருப்பதே தெரிவதில்லை. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்குக்கு மட்டும். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் என்றில்லை, வெளிநோயாளிச் செலவுக்கும் தெரபிக்கும்கூட வரம்புக்கு உட்பட்டுப் பணம் கிடைக்கும்.

ஆனால் நாம் முதலில் செலவு செய்து, அப்புறம்தான் திரும்பப் பெற முடியும். அதனால் டாக்டர் சீட்டு, பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். நான் முதல் வருடம் பில்களை மளிகைச் சீட்டோடு சேர்த்துத் தொலைத்தேன், போனது போனதுதான்!

மாநில உதவித்தொகை வேறு கணக்கு. பாகூரில் வீடு, தெரபிக்கு மட்டும் கடலூர் என்றால் புதுச்சேரி அரசிடம்தான் கேட்க வேண்டும். கடலூர்க்காரர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். ஆதார் முகவரி பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.