நாய்க்குன்னு எழுதி வைக்கிறவங்க எங்க கோட்டை விடுறாங்க

இலங்கை மலைநாட்டுல எங்க ஹட்டன் பக்கம் ஒரு ரிட்டயர் டீச்சரம்மா இருந்தாங்க. காலையில அஞ்சரைக்கே நெளிஞ்சுபோன அலுமினியச் சட்டியில சோறும் நெத்தலித் தலையும் பெசஞ்சு கேட்டுக்கு எடுத்துட்டு வருவாங்க, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) நாய் டவுன் நாய்னு ஏழெட்டு வாலாட்டிக்கிட்டு நிக்கும். "நான் போனா பேங்க் காசு பூரா இதுகளுக்குத்தான்"னு பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாங்க. சொன்னதோட சரி, எழுதல. கருமாதி முடிஞ்சு பாத்தா எந்தக் காலத்துலயோ நொமினியா (தான் செத்தா கணக்குக் காசை வாங்கிக்கிற ஆளா) போட்ட தம்பி மகனுக்கு காசு போயிருச்சு, அவனையும் குத்தம் சொல்ல ஏலாது, பேப்பர் அப்படித்தான் இருந்துச்சு.

வாய் வார்த்தை செல்லாது. நோட்டுப் புத்தகத்துல எழுதி கையெழுத்து போட்டாலும் பத்தாது. மரண சாசனத்துக்கு (உயிலுக்கு) 1840ஆம் ஆண்டு சட்டம்தான் இன்னிக்கும் இருக்கு, நொத்தாரிசும் (உறுதி, சாசனம் எழுதித் தர்ற நோட்டரி) 2 சாட்சியும் முன்னுக்கு நிக்கணும், நொத்தாரிசு இல்லாட்டி 5 சாட்சி. காசு கிடைக்கப் போற ஆளையே சாட்சியா போட்றாதீங்க. சாசனம் எழுதினதுக்கப்புறம் கல்யாணம் கட்டினா அது ரத்தாயிரும், புதுசா எழுதணும்.

அந்த டீச்சரம்மா எழுதியிருந்தாலும் பேங்க் காசுல மாட்டியிருப்பாங்க, ஏன்னா கணக்குல நொமினேஷன் இருந்தா சாசனத்துல வேற என்ன எழுதியிருந்தாலும் நொமினேஷன்தான் நிக்கும். அதனால முதல்ல பேங்குக்குப் போய் யார் பேரு இருக்குன்னு பாருங்க, ஈபிஎப், ஈடிஎப் (வேலை செஞ்ச காலத்துச் சேமிப்பு நிதி) பாரத்தையும் அப்படியே பாத்துருங்க. லயக் காம்பராவ எழுதி வைக்கலாம்னு சில பேர் நினைக்கிறாங்க, உறுதி (வீடு, காணிப் பத்திரம்) உங்க பேர்ல இல்லாத வீட்டையோ காணியையோ யாருக்கும் எழுத முடியாது.

இன்னொன்னு, நாய் பேர்லயே காசு எழுதுறது. சட்டத்துக்கு நாய் ஒரு சொத்து, சொத்து சொத்தை வாங்காது. பாத்துக்கிற ஆள் பேரைப் போட்டு அவருக்குன்னு ஒரு தொகை ஒதுக்குங்க, அதுக்கு முந்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க (கேக்காம எழுதிட்டு, கடைசியில வீட்டுல மூணு பூனை இருக்குன்னு கைய விரிச்ச ஆளையும் பாத்திருக்கேன்). கோர்ட் வேலை முடிஞ்சு காசு கைக்கு வர மாசக்கணக்காகும். நாய்க்கு அன்னிக்கு ராத்திரியே பசிக்கும், அதனால கொஞ்சக் காசு முன்கூட்டியே அவர் கையில இருக்கணும்.

தர்மமா குடுக்கிறதா இருந்தா "நாய்களுக்கு நல்லது செய்ய"ன்னு மொட்டையா எழுதாதீங்க. பதிவான முழுப் பேரு, பதிவு நம்பர் வேணும். நம்ம பக்கம் நிறைய அமைப்பு ஒரே ஆளோட மூச்சுலதான் ஓடுது, அவர் போனா அதுவும் போயிரும், அதனால "அது இல்லாட்டி இன்னதுக்கு"ன்னு ரெண்டாவது பேரும் போடுங்க. பேராதனை பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடம் மாதிரி ஒரு இடம்னா சீக்கிரத்துல காணாமப் போகாது, அவங்க எப்படி வாங்குவாங்கன்னு மட்டும் முன்னாடியே பேசிக்கோங்க.

தொகையா எழுதாம பங்கா எழுதுங்க. 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போனப்போ லட்ச ரூபான்னு எழுதி வச்சது என்னா ஆகியிருக்கும்னு யோசிங்க.

சோத்துக்கு மட்டும்னு கட்டுப் போடுறதும் எனக்குப் பிடிக்காது. விசர் நாய் தடுப்பூசிய அரசாங்கமே இலவசமா போடுது, கருத்தடைக்குத்தான் காசு தட்டுப்படும். பொட்டை நாய் சினையாகி ரெண்டே மாசத்துல குட்டி போட்டுரும், அந்தக் குட்டிகளத் தேடி ராத்திரி லயத்துக்கு சிறுத்தை வரும், அது எங்க தோட்டத்துல தெரியாத கதை இல்ல.

போன மாசம் நானும் எழுதினேன். நொத்தாரிசு நாய் பேரு என்னன்னு கேட்டாரு, மணின்னேன், வயசு பத்துன்னேன். பேனாவ கீழ வச்சிட்டு, மணி உங்களுக்கு முந்திப் போயிட்டா அடுத்து வளர்க்கிற நாய்க்கு ஒன்னும் கிடைக்காதேன்னாரு. "நான் சாகும்போது என் பொறுப்புல இருக்கிற நாய்கள்"னு மாத்திப் போட்டோம்.