கருத்தடையை நிறுத்திய பின் குழந்தைக்கு முயல்வோருக்கு: எந்த முறைக்கு எத்தனை மாதம்?

'இத்தனை வருஷம் மாத்திரை போட்டாச்சு, இனி குழந்தை தங்குமா?' என்ற பயம் பலருக்கும் வரும். தங்கும். மாத்திரையோ ஊசியோ காப்பர்-டியோ கருத்தரிக்கும் திறனை நிரந்தரமாகக் கெடுப்பதில்லை. எத்தனை வருடம் பயன்படுத்தினீர்கள் என்பதைவிட எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதே காத்திருக்கும் காலத்தைத் தீர்மானிக்கிறது.

காப்பர்-டி எடுத்த மாதமே கரு தங்கலாம். எடுப்பது சில நிமிட வேலை, எந்த நாளிலும் எடுக்கலாம். அதன் நூல் தட்டுப்படாவிட்டால் ஸ்கேன் பார்த்துத்தான் எடுப்பார்கள். வீட்டில் நீங்களே இழுத்துப் பார்க்காதீர்கள்.

மாலா-என் போன்ற தினசரி மாத்திரை என்றால், கையில் உள்ள அட்டையை முடித்துவிட்டு நிறுத்துங்கள். பாதியில் விட்டால் உதிரப்போக்கு தாறுமாறாகி நாள் கணக்கு குழம்பும். பெரும்பாலோருக்கு 1 முதல் 3 மாதத்தில் முட்டை வெளிப்படுவது சீராகிவிடும். மருந்து உடம்பைவிட்டுப் போகட்டும் என்று 3 மாதம் தள்ளிப்போடத் தேவையில்லை. மாத்திரை போட்டிருந்தபோது மாதாமாதம் வந்தது மருந்து நின்றதால் வந்த உதிரம், இயல்பான மாதவிலக்கு அல்ல. அதனால் பழைய பிசிஓடி (முட்டை சீராக வெளிவராத சினைப்பைக் கோளாறு) இருந்தால் இப்போதுதான் வெளியே தெரியும், பழி மாத்திரைமேல் விழும். நிறுத்தி 3 மாதமாகியும் மாதவிலக்கு வரவில்லையென்றால், முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வாரம் ஒருமுறை போடும் சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை. நிறுத்தினால் பொதுவாக 6 மாதத்துக்குள் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும்.

தாமதம் அதிகம் அந்தரா ஊசியில்தான். 3 மாதத்துக்கு ஒருமுறை தசையில் போடும் 150 மில்லிகிராம் மருந்து மெதுவாகத்தான் கரையும். கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்கச் சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். இந்தக் கணக்கை ஊசி அட்டையில் உள்ள கடைசித் தேதியிலிருந்து தொடங்குங்கள். அடுத்த ஊசியைத் தவிர்த்த நாளிலிருந்து எண்ணினால் 3 மாதம் பிசகும். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் சுமார் ஒரு வருடம் முன்னதாகவே ஊசியை நிறுத்தி, இடையில் ஆணுறைக்கு மாறிக்கொள்ளலாம்.

எந்த முறையாக இருந்தாலும், நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்பே ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்குங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருத்தரித்து 28 நாளில் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்த பிறகு ஆரம்பித்தால் பலன் குறைவு. சர்க்கரை நோய், வலிப்பு மாத்திரை, முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர் 5 மில்லிகிராம் தருவார். வலிப்பு, ரத்த அழுத்த மருந்துகளை நீங்களாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரூபெல்லா தடுப்பூசி போட நேர்ந்தால் அதன்பின் ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 14-ஆம் நாளில்தான் எல்லோருக்கும் முட்டை வெளிவரும் என்பது தவறு. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்புதான் முட்டை வெளிவரும். 32 நாள் சுழற்சிக்காரருக்கு அது 18-ஆம் நாள். சுழற்சி மாறி மாறி வந்தால், சில மாதத் தேதிகளைக் குறித்து, மிகக் குறைந்த சுழற்சியில் 18-ஐயும் மிக நீண்டதில் 11-ஐயும் கழியுங்கள். 27 முதல் 33 நாள் வருகிறவருக்கு 9-ஆம் நாளிலிருந்து 22-ஆம் நாள் வரை வாய்ப்பு. அதற்குள் வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கருபோல வழுவழுப்பாகி, இரு விரலுக்கு நடுவே அறுபடாமல் நீளும் நாட்கள் மிகச் சிறந்தவை. விந்தணு 5 நாள் வரை உயிரோடிருக்கும், முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஆகவே ஒரே நாளைக் குறிவைக்காமல், ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும். முட்டை வெளிவருவதைக் காட்டும் கிட் பிசிஓடி உள்ளவர்களுக்குப் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும்.

35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், 35-ஐத் தாண்டியிருந்தால் 6 மாதம் முயன்றும் தங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். 40-க்கு மேல் என்றால் காத்திருக்கவே வேண்டாம். இருவரும் சேர்ந்தே போங்கள். பெண்ணுக்கு மட்டும் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து மாதங்களைக் கழிப்பது வீண். 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து கொடுக்கும் கணவரின் விந்துப் பரிசோதனை எளிது, வலியில்லாதது. அதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள்.