மந்த காலத்தில் வேலை தேடுவோர் செய்யும் தவறுகள்: தொண்டி முதல் சாயல்குடி வரை

“ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, கணக்கை உடனே முடிச்சுத் தர்றோம்” என்று துபாய் கம்பெனியில் சொன்னதும் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்துச் சபுராளிகளுக்கு, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்களுக்கு, மந்த காலத்தில் அதிக நஷ்டம் தருவது இந்தக் கையெழுத்துதான்.

அமீரகத்தில் 2023 ஜனவரி முதல் தனியார் ஊழியர்களுக்கு வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாமுக்குள் இருந்தால் மாதச் சந்தா 5 திர்ஹாம். 12 மாதம் சந்தா கட்டியவரை நிறுவனமே நீக்கினால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் அதிகபட்சம் மூன்று மாதத்துக்குக் கிடைக்கும். 1,500 திர்ஹாம் அடிப்படை என்றால் மாதம் 900. தானாக விலகியவருக்கு ஒன்றும் கிடையாது. வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் அந்த நாட்டில் இருக்கும்போதே. ஊருக்கு வந்து இறங்கியபின் கேட்டால் கேட்டதுதான் மிச்சம்.

பணிக்கொடை இதில் சேராது, அது தனி. ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். பணம் அக்கவுண்டில் ஏறும் முன் ‘பெற்றுக்கொண்டேன்’ தாளில் கையெழுத்து வேண்டாம். தாள் அரபியில் இருந்தால், தெரிந்தவரை வைத்து வாசித்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்த தவறு, ஊர் வந்த சூட்டோடு மறுபடி போக ஏஜென்டிடம் பணம் கட்டுவது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ஆள் எடுக்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது அமீரகத்திலும் சவூதியிலும் சட்டம். நடைமுறையில் டீக்கடையில் உட்கார்ந்து பேசும் சப் ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். அதை மூன்று வட்டிக்குப் புரட்டினால் மாதம் 4,500. விசாவுக்குக் காத்திருக்கும் இரண்டு மாதம், சம்பளம் வராத முதல் மாதம், ஆக மூன்று மாதத்தில் 13,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. ஆள் குறைக்கும் காலத்தில் ஆறாவது மாதமே திருப்பி அனுப்பினால், இந்தக் கடனை யார் அடைப்பது?

பணம் கட்டும் முன் ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். ரொக்கமாகத் தராதீர்கள், வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்குங்கள். “முதலில் விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்றால் விலகிவிடுவது நல்லது. விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். பத்தாம் வகுப்பு முடிக்காமல் இ.சி.ஆர். பாஸ்போர்ட் (வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படுவது) வைத்திருப்பவருக்கு, குடியேற்ற அனுமதியோடு கிடைக்கும் 10 லட்ச ரூபாய்க் காப்பீடும் இல்லாமல் போகும். இரண்டு ஆண்டுக்கு அதன் பிரீமியமே 275 ரூபாய்தான். தாய்லாந்தில் ‘டேட்டா என்ட்ரி’, நல்ல சம்பளம், டிக்கெட் இலவசம் என்று வருவது இன்னும் ஆபத்து. அப்படிப் போனவர்களை மியான்மர், கம்போடியா எல்லைகளில் அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்திருக்கிறார்கள்.

ஏஜென்ட் பணம் பெரும்பாலும் வீட்டு நகையிலிருந்துதான் வருகிறது. பத்துப் பவுனையும் ஒரே ரசீதில் அடகு வைப்பது பெரிய தவறு. கையில் கொஞ்சம் காசு வரும்போது ஒரு சங்கிலியை மட்டும் மீட்க முடியாமல் போகும். மூன்று நான்கு ரசீதாகப் பிரித்து வையுங்கள். வெளியில் இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். எனவே வங்கி, கூட்டுறவு வங்கியைக் கேட்டுவிட்டுப் பிறகு அடகுக்கடைக்குப் போகலாம். வீடோ போன் நம்பரோ மாறினால் அடகு வைத்த இடத்தில் சொல்லிவிடுங்கள். ஏல நோட்டீஸ் பழைய முகவரிக்குத்தான் போகும்.

மனைவி பெயரில் குழுக் கடன் எடுத்து விசாவுக்குக் கொடுப்பதும் நடக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கணவர் வேலையில் இருந்தபோது சொன்ன வருமானத்தை வைத்துப் புதுக் கடன் வாங்கினால், வாரத் தவணை வந்ததும் திணறல்தான். குழுக் கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வந்து தொந்தரவு செய்யவும் அனுமதி இல்லை. வேலை போனதை வீட்டில் மறைக்கிறவர்கள் உண்டு. அந்த வீட்டில்தான் காதுகுத்தும் மொய்யும் பழைய கணக்கிலேயே ஓடும்.

மீன்பிடிக் குடும்பங்களின் சிக்கல் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பாம்பன், மண்டபத்தில் வங்கிக் கணக்கு காலியாகும் அதே மே கடைசியில்தான் பிரதமரின் இரண்டு காப்பீடுகளுக்கும் பணம் பிடிக்கிறார்கள்: ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய், விபத்துக் காப்பீட்டுக்கு 20. கணக்கில் 456 ரூபாய் இல்லாவிட்டால், கடலுக்குப் போகிறவரின் நான்கு லட்சப் பாதுகாப்பு ஜூன் 1 அன்று நின்றுவிடும். அந்தப் பணத்தை மே 20க்குள் போட்டுவையுங்கள். தடைக்காலத்தில் படகு உரிமையாளரிடம் முன்பணம் வாங்கும்போது, பங்கில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள்.

பிள்ளைகளைத் தனியார் பள்ளியிலிருந்து மாற்றுவதானால், ஐந்தாவது முடிந்ததும் மாற்றுவது லாபம். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாவதில் மாற்றினால் கட்டணம் மிச்சமாகும், இந்த ஒதுக்கீடு கிடைக்காது.

திருப்பூர், சென்னையிலிருந்து திரும்புகிறவர்கள் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. பென்ஷனுக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். ஆறேழு ஆண்டு பார்த்தவர் பென்ஷன் பகுதியைப் பணமாக எடுக்காமல், 10-சி படிவத்திலேயே ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு வாங்கலாம். அடுத்த கம்பெனியில் சேரும்போது அந்த ஆண்டுகள் கணக்கில் சேரும்.