மலேசியாவில் நாளைக்கு லீவா? எந்த மாநிலத்தில் என்று முதலில் கேளுங்கள்

சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளானில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் சம்பளக் கணக்கும் லீவுக் கணக்கும் பார்ப்பது என் வேலை. புத்தாண்டு பிறப்பதற்குள் அடுத்த ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட வேண்டும். முதல் வருடம் கடைக்காரர் கொடுத்த காலண்டரைப் பார்த்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். அந்தத் தீபாவளிக் காலையில் தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருக்கும்போது சரவாக்கில் உள்ள கூச்சிங் கிளையிலிருந்து போன். சரக்கு வந்து நிற்கிறது, கிள்ளானிலிருந்து ஒப்புதல் வரவில்லை, ஆபீசில் யாருமே போனை எடுக்கவில்லை என்றார்கள். "இன்றைக்குத் தீபாவளி" என்றேன். "இங்கே வேலை நாள்" என்று பதில் வந்தது.

உண்மைதான். சரவாக்கில் மட்டும் தீபாவளிக்குப் பொது விடுமுறை இல்லை. மற்ற 12 மாநிலங்களிலும் மூன்று கூட்டரசுப் பிரதேசங்களிலும் (மத்திய அரசின் நேரடி ஆட்சியில் உள்ள கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான்) உண்டு. நமக்கு விடுமுறை என்றால் நாட்டுக்கே விடுமுறை என்று எண்ணுவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். அதன் பிள்ளைகள் பல.

வார விடுமுறையே ஒன்றில்லை

கெடா, கிளந்தான், திரெங்கானு மூன்றிலும் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வாரத்தின் முதல் வேலை நாள். கிளந்தானின் கோத்தா பாருவில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர வேண்டிய ஆவணங்களை "வெள்ளிக்கிழமைக்குள்" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். (மலேசியத் தமிழில் வெள்ளி என்றால் காசும்தான். அன்று இரண்டுமே கைக்கு வரவில்லை.) கணக்குப் போட்டுப் பாருங்கள்: சிலாங்கூரும் கெடாவும் சேர்ந்தாற்போல் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நாட்கள். அவசரக் காரியத்தை வியாழன் மதியம் தொடங்கினால் அடுத்து இரு பக்கமும் ஆள் இருப்பது திங்கட்கிழமைதான்.

ஜொகூர் இன்னும் வேடிக்கை. 2014 ஜனவரி 1 முதல் அங்கே வெள்ளி, சனி விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு. சிங்கப்பூரோடு தொழில் செய்த பல நிறுவனங்கள் இடைப்பட்ட 11 ஆண்டுகளிலும் சனி, ஞாயிறையே வைத்திருந்தன. ஆகவே பழைய எக்செல் கோப்பை அப்படியே காப்பி எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுகிறவர்கள் ஜொகூர் வரிசையை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். போகிற போக்கில் இன்னொன்று: ஜனவரி 1 ஜொகூர், கெடா, கிளந்தான், பெர்லிஸ், திரெங்கானு ஐந்திலும் பொது விடுமுறை இல்லை. அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்த நாளே ஜொகூர்க்காரர்களுக்கு வேலை நாளாகத்தான் விடிந்தது.

தைப்பூசம்

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பத்துமலை முருகன் கோயில் கூட்டத்தைப் பார்த்தால் நாடே மூடிக் கிடக்கிறது என்று தோன்றும். ஆனால் தைப்பூசம் பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் போன்ற மாநிலங்களில் மட்டும் பட்டியலில் இருக்கிறது. கோலாலம்பூரும் புத்ராஜெயாவும் சேர்ந்தது 2008இல். பகாங்கில் இல்லை. கேமரன் மலையிலிருந்து பத்துமலைக்குக் காவடி எடுக்க வருகிறவர் சொந்த லீவு எடுத்துத்தான் வர வேண்டும். தமிழர்கள் கணிசமாக வாழும் கெடாவில் ஆண்டுதோறும் மாநில அரசு தனியாக அறிவித்தால்தான் உண்டு. 2021இல் அறிவிக்கவில்லை, அதற்கு எழுந்த சத்தம் பலருக்கு நினைவிருக்கும். சுங்கை பட்டாணிப் பிள்ளைகளுக்கு முந்தைய ஆண்டு லீவு கிடைத்ததே என்று இந்த ஆண்டுக்கும் பயணச் சீட்டு வாங்கி வைப்பது சூதாட்டம்.

சரி, சிலாங்கூரில் பட்டியலில் இருக்கிறதே, என் முதலாளி ஏன் வேலைக்கு வரச் சொல்கிறார் என்று கேட்கிறவர்களுக்கு: மாநிலப் பட்டியல் வேறு, உங்கள் நிறுவனப் பட்டியல் வேறு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி தனியார் நிறுவனம் ஆண்டுக்குக் குறைந்தது 11 பொது விடுமுறைகளைச் சம்பளத்தோடு தர வேண்டும். அதில் ஐந்தை யாரும் தொட முடியாது: தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், மாமன்னர் பிறந்தநாள், அப்புறம் மாநில சுல்தான் அல்லது ஆளுநரின் பிறந்தநாள் (கூட்டரசுப் பிரதேசம் என்றால் பிப்ரவரி 1). மீதி ஆறையும் அரசிதழில் உள்ள நாட்களிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்குமுன் ஒட்டிவிட வேண்டும். கவனித்தீர்களா, அந்த ஐந்தில் தீபாவளியும் இல்லை, நோன்புப் பெருநாளும் இல்லை, சீனப் புத்தாண்டும் இல்லை. பெரும்பாலான இடங்களில் இவற்றைக் கொடுத்துவிடுகிறார்கள், அது வேறு. தைப்பூசம் அந்த ஆறுக்குள் வராமல் போவது சட்ட மீறல் ஆகாது. சண்டை போடுவதற்கு முன் நோட்டீஸ் போர்டைப் படியுங்கள். அங்கே பட்டியலே இல்லையென்றால், சரி, அப்போது போடலாம்.

வீடு ஒரு மாநிலம், வேலை இன்னொன்று

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்குப் போனால் வழியில் ஒரு பெரிய வளைவு நிற்கும், கோத்தா டாருல் ஏசான். அதுதான் சிலாங்கூரின் எல்லை. டிசம்பர் 11 சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாள். வளைவுக்கு இந்தப் பக்கம் விடுமுறை, அந்தப் பக்கம் வேலை. பிப்ரவரி 1 வந்தால் தலைகீழ். பிள்ளைக்குப் பள்ளி கிடையாது, அப்பாவுக்கு ஆபீஸ் உண்டு என்கிற நிலைமை இந்தப் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வரும்.

இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. எந்த மாநிலத்தில் முழுமையாகவோ பெரும்பாலுமோ வேலை செய்கிறீர்களோ அந்த மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள்தான் உங்களுக்கு. வீட்டு முகவரியும் தலைமையகம் இருக்கும் ஊரும் கணக்கில் வராது. கிள்ளானில் தலைமையகம் இருக்கிறது என்பதற்காக அலோர் ஸ்டார் கிளைக்கு டிசம்பர் 11 கொடுத்துவிட்டுக் கெடா சுல்தானின் பிறந்தநாளை மறுப்பது தவறு. அந்தத் தவறை நான் செய்து, இரண்டு நாளையும் கொடுத்துச் சமாளித்தேன். இன்னொன்று, இந்தச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் உரியது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் உண்டு.

பணம் போகும் இடங்கள்

விடுமுறை உங்கள் வாராந்தர ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் மாற்று விடுமுறை. ஐந்து நாள் வேலை செய்கிற பலர், சனிக்கிழமை விழுந்தால் திங்கள் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். பல நிறுவனங்களில் ஒப்பந்தப்படி ஞாயிறு மட்டுமே ஓய்வு நாள், சனி வெறும் வேலையில்லா நாள். அப்படியென்றால் மாற்று கிடைக்காது. ஒப்பந்தத்தில் எந்த நாளை ஓய்வு நாள் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது பலருக்கும் தெரியாதது. விடுமுறைக்கு முந்தைய வேலை நாளோ அடுத்த வேலை நாளோ முன் அனுமதியின்றி, நியாயமான காரணமுமின்றி வராமல் இருந்தால் அந்த விடுமுறைக்கான சம்பளத்தையே இழக்க நேரும். ஊருக்குப் போய்விட்டு "பஸ் கிடைக்கவில்லை" என்று வாட்சாப் அனுப்புகிறவர்கள் ஒரு நாள் சம்பளம்தானே போகும் என்று நினைப்பார்கள். போவது இரண்டு நாள்.

பொது விடுமுறையில் வேலைக்கு வந்தால் அந்த நாளின் சம்பளத்துக்கு மேல் இன்னும் இரண்டு நாள் கூலி கிடைக்க வேண்டும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆண்டு விடுப்பிலோ மருத்துவ விடுப்பிலோ இருக்கும்போது பொது விடுமுறை குறுக்கிட்டால் பதிலுக்கு வேறொரு நாள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

திடீர் அறிவிப்புகள்

பெருநாள் தேதியைக் காலண்டர் முடிவு செய்வதில்லை, பிறை முடிவு செய்கிறது. 2022இல் காலண்டர்களில் நோன்புப் பெருநாள் மே 3. மே 1 இரவு தொலைக்காட்சியில் நாளைக்கே பெருநாள் என்று அறிவித்தார்கள். பெருநாளுக்கு முதல் நாள் மதியம் வரை லாரி ஓட்டத் திட்டமிட்டிருந்தவர்கள் பாடு திண்டாட்டம். அதிலிருந்து இரண்டு தேதிகளையும் பென்சிலால்தான் குறிக்கிறேன்.

அரசு திடீரென்று அறிவிக்கும் சிறப்பு விடுமுறையிலும் இரண்டு வகை. கூட்டரசு அறிவித்தால், 2022 நவம்பர் 28 போல, தனியாரும் கொடுத்தாக வேண்டும், அல்லது வேறு நாளைப் பதிலாகத் தர வேண்டும். அதைப் பிரதமர் நவம்பர் 24ஆம் தேதி, பதவியேற்ற அன்றே அறிவித்தார், எங்களுக்குக் கிடைத்தது மூன்றே நாள் அவகாசம். மாநில அரசு மட்டும் தன் அளவில் அறிவிக்கும் நாள் தனியாரைக் கட்டுப்படுத்தாது. கால்பந்துக் கோப்பை ஜெயித்ததற்கு மாநிலம் லீவு விட்டது, முதலாளி விடவில்லை என்றால் முதலாளியைத் திட்டலாம், புகார் கொடுக்க முடியாது.

இப்போது என் பட்டியலில் கிளைக்கு ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் அலோர் ஸ்டாருக்கும் கூச்சிங்குக்கும் போன் போட்டு வரிசை வரிசையாகச் சரிபார்க்கிறேன். தீபாவளி அன்று கிள்ளானுக்குரிய ஒப்புதல்களைக் கூச்சிங் தோழி கொடுக்கிறார். ஜூன் 1, 2 அங்கே கவாய் அறுவடைத் திருநாள். அந்த இரண்டு நாளும் கூச்சிங் வேலை எங்கள் மேசைக்கு வந்துவிடும், தீபாவளிக்கு நான் அனுப்பிய முறுக்குக்குப் பதிலாக ஒரு டப்பா அடுக்கு கேக்கோடு.