காசில்டன் கோபுரம்: மூன்றாம் பிட்ச்சில் சிக்காமல் ஏறுவது எப்படி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்கு வடகிழக்கே காசில் பள்ளத்தாக்கின் மேல் நிற்கிறது காசில்டன் கோபுரம். சுமார் 300 மீட்டர் கற்சரிவு, அதன் உச்சியில் 120 மீட்டர் செங்குத்தான செம்மணற்கல். 1961இல் லேட்டன் கோரும் ஹன்ட்லி இங்கால்ஸும் முதன்முதலில் ஏறிய தெற்கு முகத் தடத்துக்கு அவர்கள் பெயர்தான். மொத்தம் நான்கு பிட்ச் (ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை கயிற்றில் ஏறும் பகுதி), தரம் 5.9 (அமெரிக்கக் கடின அளவு; எண் கூடக் கூடக் கடினம்).

பலரையும் ஏமாற்றுவது அந்த 5.9தான். ஜிம்மின் செயற்கைச் சுவரில் 5.11 ஏறுகிறவர்கள்கூட மூன்றாம் பிட்ச்சின் நடுவில் அரைமணி நேரம் அசையாமல் நிற்பதுண்டு. பலம் போதாமல் அல்ல. அங்கே வெடிப்பு கைக்குப் பெரிது, உடம்புக்குச் சிறிது. முஷ்டியை வைத்தாலும் நழுவும், உள்ளே நுழைந்தாலும் முழுதாக நுழைய முடியாது. ஏறுகிறவர்கள் ஆஃப்விட்த் என்று சொல்வது இதைத்தான்.

லீட் ஏறவும் (கயிற்றை மேலே கொண்டுபோகும் முதல் ஆளாக), சொந்தமாக ஆங்கர் (கயிற்றைப் பாறையில் பிணைக்கும் நங்கூரம்) கட்டவும், ராப்பல் (கயிற்றில் வழுக்கி) இறங்கவும் தெரிந்தவர்களுக்கான விளக்கம் இது.

1. முதலில் மணலைத் தோண்டிப் பாருங்கள்

இங்குள்ள பாறை விங்கேட் மணற்கல். மணல் துகள்களைக் கோத்து வைத்திருக்கும் பிணைப்பு ஈரத்தில் தளர்ந்துவிடும். பிடி கையோடு பெயர்ந்து வரும். விழுந்தால் கேம் (வெடிப்புக்குள் செருகினால் விரிந்து பிடிக்கும் பாதுகாப்புக் கருவி) பாறையை அரைத்துக்கொண்டு வெளியே வரும். மேல்பரப்பு காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடிவாரத்து மணலை ஒரு சாண் தோண்டுங்கள். உள்ளே கருத்து, கையில் உருண்டை பிடிக்கிற மாதிரி இருந்தால் அன்று ஏற வேண்டாம். மழைக்குப் பின் குறைந்தது ஒரு நாள், நல்ல மழை என்றால் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும்.

தெற்கு முகம் என்பதால் வெயில் நேராக அடிக்கும். வசந்தமும் இலையுதிர் காலமும்தான் சரியான பருவம். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமின்னல் வரும். அந்த வட்டாரத்தில் இந்தக் கோபுரத்தைவிட மின்னலுக்கு வசதியான இடம் கிடையாது.

நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும் மண் உயிருள்ளது. ஒரு மிதியில் உடைந்தால் திரும்ப உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

2. கருவிகள்

பிளாக் டயமண்ட் கேம்களின் எண்ணில் சொல்கிறேன்: 0.4 முதல் 4 வரை ஒவ்வொன்று, 1, 2, 3 மட்டும் இரண்டிரண்டு. இவற்றோடு ஊதா நிற 5ஆம் எண் ஒன்று. எடை கூடுகிறதே என்று பலர் அதை விட்டுவிட்டு வருகிறார்கள். நான் விடச் சொல்ல மாட்டேன். மூன்றாம் பிட்ச்சில் போல்ட்டுகள் (பாறையில் துளையிட்டுப் பதித்த ஆணிகள்) உண்டு. ஆனாலும் ஒரு போல்ட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே தலைக்கு மேல் ஒரு பெரிய கேம் இருந்தால்தான் புதியவருக்கு மூச்சு சீராகும். நட்டுகள் (வெடிப்பில் செருகும் உலோக ஆப்புகள்) ஐந்தாறு போதும். இறங்குவதற்காக 60 மீட்டர் கயிறு இரண்டு.

மணற்கல்லில் கேமை விளிம்பில் வைக்காதீர்கள், உள்ளே தள்ளி வையுங்கள். நான்கு இதழ்களும் பாறையில் முழுதாகப் படிந்திருக்க வேண்டும். மணல் தூள் இருந்தால் விரலால் துடைத்துவிட்டு வையுங்கள்.

3. முதல் இரண்டு பிட்ச்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கை நுழைகிற அகலம் வந்தால் கட்டைவிரல் மேலே இருக்கும்படி கையை நுழைத்து, அதை உள்ளங்கைக்குள் மடக்குங்கள். கை தடித்து இறுகும். காலுக்கு: முட்டியை வெளியே சாய்த்துப் பாதத்தைப் பக்கவாட்டில் செருகி, பிறகு முட்டியை நிமிர்த்துங்கள். பாறையில் ஆங்காங்கே வெள்ளைக் கால்சைட் படிவு இருக்கும். பீங்கான் தட்டு போல வழுக்கும். அதன் மேல் பாதத்தைத் தேய்த்து நிற்கப் பார்க்காதீர்கள்.

4. மூன்றாம் பிட்ச்

எந்தத் தோள் உள்ளே போக வேண்டும் என்பதைப் பிலே இடத்தில் (கயிற்றைப் பிடித்துக் காக்கும் நிறுத்தத்தில்) நிற்கும்போதே முடிவு செய்யுங்கள். நுழைந்த பிறகு திரும்ப முடியாது. வலது தோள் உள்ளே போனால் நெஞ்சு இடது சுவரைப் பார்க்கும். வெளிக்கைக்கும் வெளிக்காலுக்கும் இடது பக்கத்து விளிம்பும் படிகளும்தான் எட்டும். ஆகவே படிகள் இருக்கிற பக்கம் நெஞ்சு இருக்க வேண்டும். முடிவானதும் எல்லாக் கருவிகளையும் வெளிப்பக்க இடுப்புக்கு மாற்றுங்கள். உள்பக்கச் சட்டைப்பையில் போன்கூட வேண்டாம்.

உள்கையை முழங்கையில் மடக்கி, முழங்கை முன்னே போகும்படி நுழையுங்கள். உள்ளங்கை நெஞ்சுக்கு எதிர்ச் சுவரைத் தள்ளும், மேல்கையின் பின்புறம் முதுகுப் பக்கச் சுவரை அழுத்தும். இதற்குச் சிக்கன் விங் என்று பெயர். உடம்பு கீழே தொங்கத் தொங்க இன்னும் இறுகும். உள்காலில் முட்டி ஒரு சுவரிலும் குதிகால் மறு சுவரிலும் இருக்கட்டும். வெளிக்காலில் குதிகால் ஒரு சுவரிலும் பெருவிரல் மறு சுவரிலும் படும்படி பாதத்தைக் குறுக்கே நெம்புங்கள்.

இனி மேலே நகர்வது. கை இறுகியிருக்கும்போது கால் நகரும்; கால் இறுகியதும் கை நகரும். வெளிக்காலை ஒரு சாண் உயர்த்தி, நெம்பி, அதன் மேல் எழுந்து நில்லுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஏறினால் போதும், அதுதான் சரியான வேகம். கையால் இழுத்து ஏறப் பார்த்தால் மூன்று இழுப்பில் களைத்துவிடுவீர்கள்.

பெரும்பாலானவர்கள் சிக்குவது வேறொரு காரணத்தால். பயத்தில் உடம்பு தானாக உள்ளே போகும். உள்ளே போகப் போகப் பாதுகாப்பாகத் தோன்றும், விழவும் மாட்டீர்கள். ஆனால் மேலேயும் போக முடியாது. முட்டியை உயர்த்த இடமிருக்காது, ஹெல்மெட் திரும்பாது. அப்படி ஆகிவிட்டால் திமிறாதீர்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள், நெஞ்சு சுருங்கும். அந்த நொடியில் அரை அடி வெளியே நகர்ந்து, மறுபடி வெளிக்காலிலிருந்து தொடங்குங்கள்.

நான்காம் பிட்ச் இதைவிட எளிது. உச்சி தட்டையாக, விசாலமாக இருக்கும். யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் நில அதிர்வுமானியை இந்த உச்சிக்கு ஏற்றி அளந்தார்கள்: கோபுரம் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை அதிர்கிறது. நின்றால் தெரியாது.

5. இறக்கம்

ஏறிய வழியே இறங்காதீர்கள். வெடிப்புகள் கயிற்றை விழுங்கிவிடும். வடக்கு முகத்து ஆங்கர்கள் வழியாக இறங்குவதே நல்லது. இரண்டு கயிற்றையும் தட்டை ஓவர்ஹேண்ட் முடிச்சில் இணையுங்கள், வால் அரை மீட்டர் விடுங்கள், நுனிகளில் தடுப்பு முடிச்சு கட்டாயம். எந்த நிறக் கயிற்றை இழுக்க வேண்டும் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். முதலில் இறங்கியவர் ஒரு மீட்டர் இழுத்துப் பார்க்கட்டும். நகராவிட்டால் மேலே இருப்பவர் முடிச்சை விளிம்புக்கு வெளியே தள்ளி வைக்கலாம். காற்று பலமாக இருந்தால் கயிற்றை வீசாமல் இடுப்பில் மடித்துத் தொங்கவிட்டபடி இறங்குங்கள்.

பின்சேர்க்கை

கையில் டேப் சுற்றவா, கிராக் கையுறை (வெடிப்பில் ஏறுவதற்கான கையுறை) போடவா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தடத்துக்குக் கையுறை போதும். தோல் உரிவது கையில் அல்ல. தோள், முழங்கை, கணுக்காலில்தான். தடித்த முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் காலணி, மெல்லிய முட்டிக் கவசம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலணி இறுக்கமாக வேண்டாம். விரல் மடங்கியிருந்தால் குதிகாலையும் பெருவிரலையும் வைத்து நெம்பும்போது வலி தாங்காது.